பொருள் சொல்லித் தருவதா, வாசிக்கச் சொல்லித் தருவதா? இலக்கிய வகுப்பு பற்றி

கரும்பலகை:

விமர்சனக் கட்டுரை எழுதி வாருங்கள் என்றால் மாணவர்களிடமிருந்து வருவது எல்லாம் ஒரே அச்சு. முதல் பத்தியில் ஆசிரியர் பிறந்த ஊர், வாங்கிய விருதுகள். அடுத்து கதைச் சுருக்கம். அப்புறம் உவமை ஒன்று, உருவகம் ஒன்று, அடிக்கோடு போட்டு. கடைசியில் ‘இப்படைப்பு படிப்போர் நெஞ்சில் நீங்கா இடம் பெறுகிறது’. யாருடைய நெஞ்சில் என்று கேட்டால் பதில் இல்லை, எழுதியவர் நெஞ்சுக்குள் அது நுழையவே இல்லையே.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் நடத்தும் முறை அப்படி. பாடலை ஒருமுறை வாசிக்கிறோம், பதம் பிரிக்கிறோம், பொருள் சொல்கிறோம், நயமும் சொல்கிறோம். நயத்தையும் நாமே சொல்லிவிட்டால் மாணவருக்கு அங்கே என்ன வேலை? எழுதிக்கொள்வதுதான்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மாணவர் முதலில் தானாக வாசித்து, தனக்குப் பட்டதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். உரை, ஆசிரியர் வரலாறு, கோட்பாடு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்தது ஏறக்குறைய இதுதான். கவிஞர் பெயரை மறைத்து, காலத்தைச் சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்களை எழுதச் சொன்னார். அப்படி 13 கவிதைகளுக்கு வந்த குறிப்புகளை வைத்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூல் வந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே சிறப்புப் பாடமாகப் படித்தவர்கள். ஆனாலும் பலருக்கு நேர்ப்பொருளே பிடிபடவில்லை. சிலர் கவிதையை விட்டுவிட்டுத் தங்கள் பழைய நினைவுகளை எழுதினார்கள். பெயர் தெரியாத நிலையில் ஜான் டன்னும் ஹாப்கின்ஸும் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் மாணவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வாசிப்பு எந்தெந்த இடத்தில் சறுக்குகிறது என்று உட்கார்ந்து வகைப்படுத்தினார். நம் வகுப்புகளில் அந்தச் சறுக்கல் வெளியே தெரிவதே இல்லை. விடைத்தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? மாணவர்களும் எழுதுங்கள்.

உரைகாரன்:

கரும்பலகை, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துத் தூக்கி எறியாதீர்கள். 2,000 ஆண்டு பழைய பாட்டை உரை இல்லாமல் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்து ‘உனக்கு என்ன படுகிறது, எழுது’ என்றால், படுவது பயம் மட்டும்தான். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாதவருக்கு அந்தச் சொல் எதிரொலிக்காது. ரிச்சர்ட்ஸ் கொடுத்த கவிதைகள் அந்த மாணவர்கள் பேசிய மொழியில் இருந்தவை. அதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. உரை என்றாலே வாயில் ஊட்டுவது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் உரையாசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டவர்கள். ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று அடுத்தவர் கருத்தை எடுத்து வைத்து மறுப்பது அவர்கள் வழக்கம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாக மரபு, இன்று கிடைப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவருடையவை. ஐந்து உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைவிடச் சிறந்த விமர்சன வகுப்பு வேண்டுமா?

ஒரே ஒரு குறள் சொல்கிறேன், 69ஆவது:

ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச்
சான்றோன் எனக்கேட்ட தாய்

இதற்குப் பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியாமையின் ‘கேட்ட தாய்’ என்றார் என்று ஒரு குறிப்பு வைக்கிறார். மகன் சான்றோன் என்று தாய்க்குத் தானாகத் தெரியாது, பிறர் சொல்லித்தான் தெரியும் என்கிறார். மணக்குடவரோ பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாணவரிடம் கேளுங்கள்: பரிமேலழகர் சொன்னதற்குக் குறளில் சான்று இருக்கிறதா? ‘கேட்ட’ என்ற சொல் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா? ஊரார் வாயால் கேட்பதில் இருக்கும் மகிழ்ச்சி வேறு, அறியாமை வேறு இல்லையா? வகுப்பு தானாகச் சூடு பிடிக்கும். யாரும் ‘பெண்ணிய அணுகுமுறை’ என்று பலகையில் தலைப்பு எழுதத் தேவையில்லை.

உரையை ஒளித்து வைக்காதீர்கள் என்பேன். ஒன்றுக்குப் பதில் இரண்டு உரை கொடுங்கள்.

கடைசிபெஞ்ச்:

மாணவர்களும் எழுதுங்கள் என்றதால் எழுதுகிறேன். எம்.ஏ. படிக்கிறேன்.

கரும்பலகை சார் சொன்ன அந்த ஒரே அச்சுக் கட்டுரையை நாங்கள் தெரிந்தேதான் எழுதுகிறோம். அதற்கு மார்க் வருகிறது. எனக்குப் பட்டதை எழுதினால் ‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்று சிவப்பு மை. ஒரு செமஸ்டரில் ஒரு சிறுகதையைப் பெண்ணிய நோக்கில் எழுத வேண்டும், அதே கதையை அடுத்து மார்க்சிய நோக்கில், அதற்கடுத்து உளவியல் நோக்கில். கதை ஒன்றுதான், கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். மூன்று கட்டுரை முடிந்த பிறகும் அந்தக் கதை நல்ல கதையா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அசட்டுத்தனமான கதை என்று சொல்லியிருப்பேன்.

இப்போது இன்னொரு வசதியும் வந்துவிட்டது. ‘இந்தக் கதையைப் பின்நவீனத்துவ நோக்கில் ஆராய்க’ என்று செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கட்டுரை தயார். ஆசிரியர்கள் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இயந்திரம் மாதிரி எழுதச் சொன்னீர்கள், இயந்திரம் எங்களைவிட நன்றாக எழுதுகிறது.

மாலைவகுப்பு:

கடைசிபெஞ்ச் தம்பி, கடைசி வரிக்கு ஒரு சபாஷ்.

நான் பள்ளியில் நடத்துகிறேன். இங்கே நிலைமை வேறு. நிறையப் பிள்ளைகள், குறைந்த நேரம், முடிக்க வேண்டிய பாடம் மலைபோல். ‘முதலில் நீ என்ன நினைக்கிறாய்’ என்று எல்லாரையும் கேட்க நேரம் கிடையாது. ஆனால் ஒன்று செய்ய முடிகிறது, சத்தம் போட்டு வாசிப்பது. ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) எந்தக் கோட்பாட்டையும் தூக்கிக்கொண்டு வரவில்லை, பாட்டைப் பாட்டாகச் சொல்லிக் காட்டியே கூட்டத்தைக் கட்டிப் போட்டவர். அந்த அளவு நமக்கு வராது, சரி. ஆனால் ஒரே பாட்டை மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக வாசித்தால், ‘ஏன் அந்த இடத்தில் நிறுத்தினாய்?’ என்ற ஒரு கேள்வியில் பாதிப் பாடம் நடந்துவிடும். எங்கே நிறுத்துகிறோம் என்பதே ஒரு விளக்கம்தானே.

இன்னொன்று, ஒரு சொல்லை அடித்துவிட்டுக் கொடுப்பது. கவிதையில் ஒரு சொல் இருக்க வேண்டிய இடம் காலி. என்ன போடலாம்? பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிறகு கவிஞர் போட்ட சொல்லைக் காட்டி, நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். சில நேரம் பிள்ளை சொன்னதே நன்றாக இருக்கும். அன்றைக்கு வகுப்பில் ஒரே கொண்டாட்டம்.

நிழல்வாசகி:

ஒரு குறுக்குக் கேள்வி. ‘தானாக வாசிப்பது’ என்று ஒன்று இருக்கிறதா?

அமெரிக்க விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் 1971 கோடையில் பஃபலோவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த வேடிக்கை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள். முதல் வகுப்பு முடியும்போது பலகையில் படிக்க வேண்டிய மொழியியல் அறிஞர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: ஜேக்கப்ஸ்–ரோசன்பாம், லெவின், தார்ன், ஹேய்ஸ், ஓமன். கடைசிப் பெயரின் எழுத்துக்கூட்டு சரிதானா என்று சந்தேகம் வந்ததால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அடுத்து வந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை படிப்பவர்கள். ஃபிஷ் அந்தப் பட்டியலைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே ஒரு பக்க எண் எழுதி, ‘இது ஒரு சமயக் கவிதை, விளக்குங்கள்’ என்றார்.

விளக்கிவிட்டார்கள். ஜேக்கப்ஸ் என்றால் விவிலியத்தில் வரும் யாக்கோபின் ஏணி. ரோசன்பாம் என்றால் ரோஜா மரம், அதனால் கன்னி மரியாள். தார்ன் என்றால் முள், அதனால் இயேசுவின் முள்முடி. கேள்விக்குறியோடு நின்ற ஓமன்கூடத் தப்பவில்லை, அதிலும் ஆமென் கேட்டது. கவிதை என்று சொல்லிவிட்டால் கவிதைக்குரிய கண்ணால் பார்க்கிறோம், அந்தக் கண் வகுப்பறை பழக்கிய கண் என்பதுதான் ஃபிஷ் வாதம். 1980இல் வந்த அவருடைய நூலில் இந்தக் கதை இருக்கிறது.

அதனால் கரும்பலகை கேட்கும் ‘முதல் எண்ணம்’ ஒன்றும் கன்னித்தன்மையோடு வருவதில்லை. மாணவர் பள்ளியில் பழகியதைத்தான் எழுதுவார். ‘நெஞ்சில் நீங்கா இடம்’ என்பதும் ஒரு முதல் எண்ணம்தான், என்ன செய்வது!

இதைச் சொல்லிவிட்டு, எனக்கு ஓரளவு ஒத்துப்போகிற ஆளையும் சொல்கிறேன், அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட். 1938இலேயே இலக்கிய வகுப்பு வாசகரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியவர். 1978இல் வந்த நூலில் இரண்டு வகை வாசிப்பைப் பிரிக்கிறார். விஷத்தை விழுங்கிவிட்ட அவசரத்தில் பாட்டில் லேபிளைப் படிக்கிறவருக்குத் தேவை மாற்று மருந்தின் பெயர் மட்டும். படித்து முடித்ததும் கையில் எது மிஞ்சுகிறது என்பதே அங்கே கணக்கு. கவிதை வாசிக்கும்போது, வாசித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நமக்குள் நடப்பதுதான் கணக்கு. நம் தேர்வுகள் கவிதையையும் லேபிள் மாதிரி படிக்கச் சொல்கின்றன. ‘இப்பாடலில் இடம்பெறும் பறவை எது?’ பறவை பெயரை எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கோட்பாட்டுப்பித்தன்:

நிழல்வாசகிக்கு நன்றி, என் பாதி வேலையைச் செய்துவிட்டார்.

இந்த இழையில் கோட்பாட்டை எல்லாரும் சேர்ந்து அடிப்பதைப் பார்க்கிறேன். கரும்பலகை தன்னுடையது கோட்பாடே இல்லை, வெறும் வாசிப்பு என்று நினைக்கிறார். ஐயா, பெயரை மறை, காலத்தை மறை, பிரதியை, அதாவது எழுதப்பட்ட படைப்பை மட்டும் பார் என்பதே ஒரு கோட்பாடு. அதற்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. ரிச்சர்ட்ஸ், எம்ப்சன், பிறகு அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்கள். ஆசிரியர் என்ன நினைத்தார் என்று தேடாதே என்று அந்தப் பள்ளியைச் சேர்ந்த விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் கட்டுரை எழுதினார்கள். 1949இல் இன்னொன்று எழுதி, வாசகருக்கு என்ன தோன்றியது என்று பார்ப்பதும் பிழை என்றார்கள். அதாவது உங்கள் ‘முதல் எண்ணம்’ அந்தப் பள்ளிக்கே ஆகாதது. ரிச்சர்ட்ஸையும் வாசகர் உணர்வையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று தெரிந்து போடுங்கள்.

கடைசிபெஞ்ச் சொன்ன கண்ணாடி மாற்றும் கூத்தை நானும் வெறுக்கிறேன். அது கோட்பாடு இல்லை, கோட்பாட்டின் நோட்ஸ். கோட்பாடு என்பது ஒரு சண்டை. நம்மிடமே அந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா கவிதையைச் சொல் சொல்லாக அலச வேண்டும் என்றார். விமர்சகர் க.நா.சு.வுக்கு (க.நா. சுப்ரமண்யம்) அந்த அலசல் பெரிதில்லை, தேர்ந்த வாசகரின் ரசனைதான் அளவுகோல். இலங்கை மார்க்சிய விமர்சகர் கைலாசபதி வந்து, எந்தச் சமூகத்தில், எந்த வர்க்கத்தின் தேவையில் இது பிறந்தது என்று கேட்டார். மூவரும் மூன்று தனித்தனி அலகாகப் பாடநூலில் கிடக்கிறார்கள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரால்டு கிராஃப் இதைத்தான் சொன்னார்: பேராசிரியர்கள் தங்களுக்குள் போடும் சண்டையை மாணவரிடமிருந்து ஒளிக்காதீர்கள், அந்தச் சண்டையையே பாடமாக்குங்கள் என்று.

உரைகாரன் காட்டிய குறள் உதாரணம் அதேதான். அவர் கோட்பாடு வேண்டாதவர் மாதிரி பேசுகிறாரே தவிர, செய்வது கிராஃப் வேலை.

உரைகாரன்:

என்னை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்ததற்கு நன்றி. பரிமேலழகர் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

கரும்பலகை:

பித்தரே, முட்டிக்கொள்ளும் என்பது தெரியும். முட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த வரிசையையே வைத்திருக்கிறேன். உணர்வில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. உணர்வை எழுதச் சொல்வது, பிறகு அதை வரியைக் காட்டிக் கேள்வி கேட்பதற்கு. கையில் ஒன்றும் இல்லாத மாணவரிடம் எதைக் கேள்வி கேட்பது?

பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டே போகிறோம். ஒரு வகுப்பு எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். குறுந்தொகை 25. உரைகாரன் பயப்பட்ட மாதிரி மொட்டையாகக் கொடுப்பதில்லை. கடினச் சொற்களுக்குப் பொருள் தாளின் அடியிலேயே இருக்கும். சொற்பொருள் வேறு, பாட்டின் பொருள் வேறு. எழுதிய கபிலர் பெயர் இல்லை, திணை (பாட்டின் நிலமும் ஒழுக்கமும்) இல்லை, கூற்று (யார் யாரிடம் சொல்வது) இல்லை.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தாளின் அடியில்: எவன் செய்கோ – என்ன செய்வேன்; ஆரல் – ஒரு மீன்; குருகு – நாரை போன்ற நீர்ப்பறவை; மணந்த ஞான்று – கூடிய அன்று. முதலில் யாரும் எதுவும் பேசக் கூடாது. எழுத வேண்டும். ‘புரியவில்லை’ என்று எழுதினாலும் சரி, எந்த வரியில் புரியவில்லை என்று சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் முதலில் வருவது, ‘யாரோ ஏமாந்துவிட்டார்’. எப்படித் தெரியும்? ‘கள்வன்’, ‘பொய்ப்பின்’. சரி, ஏமாந்தே விட்டாரா? ‘பொய்ப்பின்’ என்றால் பொய்த்துவிட்டான் என்றா பொருள்? பொய்த்தால் என்றுதானே. அங்கே ஒரு சின்ன அமைதி வரும். இன்னும் நடக்காத ஒன்றுக்கு அவள் பயப்படுகிறாள். அதே மூச்சில் அவனைக் கள்வன் என்றும் சொல்லிவிட்டாள். பயமா, கோபமா, செல்லமா என்று வகுப்பு பிரியும்.

அடுத்த கேள்வியை யாராவது மாணவர்தான் கேட்பார், நான் காத்திருப்பேன்: முதலில் யாரும் இல்லை என்கிறாள், கடைசியில் குருகு இருந்தது என்கிறாளே? ‘குருகும்’ என்பதில் அந்த ‘உம்’ என்ன செய்கிறது? சாட்சி என்று ஒன்று இருந்தது என்று ஆறுதல் தேடுகிறாளா, இருந்த ஒரே சாட்சியும் இப்படி வாய்த்ததே என்று நோகிறாளா? குருகு எதைப் பார்த்தது? ஆரல் மீனை. அவர்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதனால் வந்து சொல்ல முடியாது.

பிறகு நான் மிகவும் விரும்பும் கேள்வி: ஒரு பறவையின் கால் தினைத்தாள் மாதிரி இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு நுணுக்கமாக அன்று அவள் பார்த்திருக்கிறாள். அவன் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, குருகின் காலைப் பற்றி ஒரு முழு வரி. ஏன்? வெட்கம் என்றார் ஒரு மாணவி. பெரிய சம்பவம் நடக்கும் நேரத்தில் சம்பந்தமே இல்லாத சின்னப் பொருள்தான் மனத்தில் நிற்கும் என்றார் இன்னொருவர். குருகுதான் அந்த ஆள், இரைக்காகக் காத்து நிற்கிறான் என்று மூன்றாமவர் சொன்னதும் மாணவியர் வரிசையில் பலமாகத் தலையாட்டினார்கள். அந்த மூன்றாவது வாசிப்புக்கு ஆதாரம் எந்தச் சொல் என்று கேட்டேன். ‘பார்க்கும்’ என்றார். நல்ல பதில். அதற்கு எதிராக ஒருவர், ‘அப்படியென்றால் குருகு இருந்தது என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும், அவனும் அங்கே இருக்கிறானே’ என்றார். அதுவும் நல்ல பதில். நான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் குறிஞ்சி, தலைவி தோழியிடம் சொல்வது, கபிலர். தோழியிடம் என்று தெரிந்ததும் பாட்டு மறுபடி அசைகிறது. ஒரு வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவும் இதை அவள் சொல்கிறாள், புலம்பல் மட்டும் இல்லை. இந்தத் தகவலை முதலிலேயே பலகையில் எழுதியிருந்தால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது. ‘தலைவன் வரைவு (திருமணம்) நீட்டித்ததால் தலைவி வருந்திக் கூறியது’ என்று ஒரு வரி. பை மூடிவிடுவார்கள்.

உரைகாரன்:

இந்த முறைக்கு நான் எதிரி இல்லை. சொற்பொருள் கொடுத்துவிட்டீர்கள், என் குறை பாதி தீர்ந்தது. கடைசியில் நல்ல பழைய உரை ஒன்றையும் கொடுங்கள். அந்த மூன்றாவது மாணவர், இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை வைத்துச் சொல்லும் இறைச்சியும் உள்ளுறையும் பற்றி நம் இலக்கணக்காரர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மகிழ்ந்துபோவார். தான் கண்டதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று பின்னால் தெரிவது ஒரு சுகம். பெயரை முதலில் மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளைத் தேடுவது தண்டனை.

கடைசிபெஞ்ச்:

இப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், எல்லாமே ‘நல்ல பதில்’. அப்படியானால் தப்பான வாசிப்பு என்று ஒன்று உண்டா இல்லையா? எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் எதைச் சொன்னாலும் ‘பிரெஞ்சு விமர்சகர் பார்த் சொல்லிவிட்டார், ஆசிரியர் இறந்துவிட்டார், என் பொருள் என் உரிமை’ என்று முடித்துவிடுகிறான். அவனிடம் யாரும் பேச முடிவதில்லை.

நிழல்வாசகி:

பார்த் 1967இல் ஆசிரியரைத்தான் சாகடித்தார், பிரதியை இல்லை என்று நண்பரிடம் சொல்லுங்கள். ஃபிஷ்கூட ‘எவனும் எதையும் சொல்லலாம்’ என்று சொல்லவில்லை. ஒரு சமூகம் ஏற்கும் விதிகளுக்குள்தான் விளக்கம் நடக்கிறது என்றார்.

தப்பான வாசிப்புக்கு உதாரணம் வேண்டுமா? ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’. அந்த ஒரு வரியை வைத்து உலக ஒற்றுமை என்று கட்டுரை எழுதாதவர் இல்லை. வரி அதைச் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புறநானூறு 192 அந்த வரியோடு நிற்கவில்லையே. தீதும் நன்றும் பிறர் தர வாரா என்கிறது, சாதல் புதிதில்லை என்கிறது. மழை பெய்து பேராற்றில் நீர் பெருகுகிறது, அந்த நீர் போகும் வழியில் மிதவை போவது மாதிரி உயிர் முறை வழியே போகும் என்கிறது. அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. ‘வாருங்கள் கைகோப்போம்’ என்ற உற்சாகம் எங்கே இருக்கிறது? ஆற்றில் அடித்துப் போகிறவர்களுக்குள் யார் பெரியவர், யார் சிறியவர் என்கிற குரல் இது. முதல் வரியை மட்டும் வைத்த வாசிப்பு மிதவை வரும் இடத்தில் உடைந்துவிடும். முழுப் பாட்டையும் தாங்காத வாசிப்பு மோசமான வாசிப்பு. இதை மாணவருக்குச் சொல்ல எந்தக் கோட்பாடும் வேண்டாம். ‘அடுத்த வரியைப் படி’ என்றால் போதும்.

மாலைவகுப்பு:

அந்தப் பாட்டின் மற்ற வரிகளைத் தேர்வில் கேட்பதில்லை, அதனால் பிள்ளைகள் படிப்பதில்லை. முடிந்தது கதை. 🙂

கேலிக்குச் சொன்னேன், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் வகுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வினாத்தாள் மாறாமல் வகுப்பு மாறாது. மாணவர் பார்த்தே இராத ஒரு சிறு கவிதையைத் தேர்வில் கொடுத்து, சொற்பொருளும் கொடுத்து, ‘இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டி உங்கள் கருத்தை நிறுவுக’ என்று ஒரே ஒரு கேள்வி வைத்தால் போதும். எந்த நோட்ஸும் அதற்கு உதவாது. திருத்துபவருக்குத்தான் கஷ்டம், விடைக்குறிப்பு இருக்காது. எதிர்ப்பு வரப்போவதும் அங்கிருந்துதான்.

கோட்பாட்டுப்பித்தன்:

திருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. கருத்து என்ன என்று பார்க்காமல், கருத்துக்கும் காட்டிய வரிக்கும் இடையே பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்க் கருத்து ஒன்றையாவது கணக்கில் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

எனக்கு வேறு கவலை. இந்த இழை முழுக்கக் குட்டிப் பாட்டுகள். ஐந்து வரியை ஒரு மணி நேரம் உருட்டலாம். 500 பக்க நாவலை என்ன செய்வீர்கள்? உங்கள் நுண்வாசிப்பு அங்கே படுத்துவிடும். நாவல் வகுப்பு என்றாலே மறுபடி கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, அந்த அச்சுக்கே திரும்பிவிடுகிறோம். அங்கேதான் கதையை யார் சொல்கிறார், எந்த இடத்தில் நிற்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற கேள்விகள் வேண்டும். அவை எல்லாம் கோட்பாடு கொடுத்த கருவிகள். வேண்டாம் என்பவர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கரும்பலகை:

அந்தக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கருவியின் பெயரை முதல் நாள் சொல்ல வேண்டாம் என்கிறேன். நாவலில் முதல் அத்தியாயத்தை மட்டும் வகுப்பில் சேர்ந்து படித்து, ‘இவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?’ என்ற ஒரே கேள்வியோடு மீதியை வீட்டுக்கு அனுப்புவேன். திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நாவல் முழுவதையும் ‘நடத்தி முடிக்க’ முயல்வதில்லை. அது முடியாது.

உரைநடையில் எனக்குக் கைகொடுப்பது சிறுகதைதான். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்க்கப் பணத்துக்காகத் தன்னையே விற்கும் அம்மாளுவின் கதை. கடைசியில் ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!’ என்று முடியும். அந்த முடிவை மட்டும் வெட்டிவிட்டுக் கதையைக் கொடுப்பேன். மாணவர்கள் தாங்களே ஒரு முடிவு எழுத வேண்டும். பெரும்பாலும் அம்மாளுவுக்காக இரக்கப்பட்டு நாலு வரி வரும், அல்லது அவளை நல்லவளாக்க ஒரு சமாதானம் வரும். பிறகு உண்மையான முடிவைக் காட்டினால் முகம் மாறும். இரக்கம் இல்லை, சமாதானம் இல்லை, நம்மைப் பார்த்துத் திரும்பி ஒரு குத்து. அந்த ‘ஐயா’ யார்? அதுவரை வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது யார்? கதைசொல்லி, வாசகர் என்று ஒரு வாரம் நடத்தினாலும் வராதது அங்கே வரும். அதன் பிறகு பித்தர் கருவிப்பெட்டியோடு வந்தால் மாணவர்கள் ஆவலோடு திறப்பார்கள்.

பிரதியில் கை வைத்து மாற்றிப் பார்ப்பதை ஒரு முறையாகவே ராப் போப் என்ற ஆங்கில இலக்கிய ஆசிரியர் 1995இல் புத்தகமாக எழுதியிருக்கிறார். மாலைவகுப்பு சொன்ன ‘ஒரு சொல்லை அடித்துவிட்டுக் கொடுப்பது’ம் அந்தக் குடும்பம்தான்.

கடைசிபெஞ்ச், நீங்கள் கேட்ட ‘நல்ல கதையா’ என்ற கேள்விக்கும் இது ஒரு வழி. மாணவர் எழுதிய முடிவையும் ஆசிரியர் எழுதியதையும் பக்கத்தில் வைத்து எது மேல், ஏன் என்று கேட்டால் தரம் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும்.

நிழல்வாசகி:

சின்ன நெருடல். முடிவை வெட்டிக் கொடுத்து, பிறகு ‘உண்மையான முடிவு’ என்று காட்டும்போது, மேதை ஜெயித்தார், நீங்கள் தோற்றீர்கள் என்ற நாடகமாகிவிடாதா? மாலைவகுப்பு வகுப்பில் பிள்ளை சொன்ன சொல் சில நேரம் ஜெயிக்கிறது என்றார். அதற்கு இடம் இருக்க வேண்டும்.

கரும்பலகை:

இருக்கிறது. அந்தக் கடைசிக் குத்து அதிகம், அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது, ஆசிரியர் மைக் பிடிக்கிறார் என்று சொன்ன மாணவர் உண்டு. அது தர்க்கத்தோடு வந்த எதிர்ப்பு. அந்தக் கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

கடைசிபெஞ்ச்:

அந்த மாணவர் கட்சிதான் நானும்.

சரி, அடுத்த வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கதையை முடிவில்லாமல் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை, நாங்களே. முடிவு வெட்டப்பட்டிருக்கிறது என்று முன்பே சொல்லிவிடலாமா, சொல்லாமல் கொடுக்கலாமா?

மாலைவகுப்பு:

சொல்லாமல் கொடு தம்பி. கதை முடியவில்லையே என்று யாருக்குத் தோன்றுகிறது, யார் இதுவே நல்ல முடிவு என்று சாதிக்கிறார் என்று முதலில் பார். அதுவே ஒரு மணி நேரத்துக்குப் போதும். அப்புறம் தெரிந்த கதையாக எடுக்காதே, யாராவது ஒருவர் படித்திருந்து போட்டு உடைத்துவிடுவார்.

உரைகாரன்:

நடந்ததை இங்கே வந்து எழுதுங்கள். எந்தக் கதை என்று இப்போது சொல்ல வேண்டாம், உங்கள் வட்டத்து ஆட்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.